காந்தாரம் எட்டாத வயலின்

என் மகள் பாடினால் காந்தாரம், அதாவது ச ரி க வரிசையின் க, அதன் இடத்தில் வந்து உட்காரும். அதே வரியை வயலினில் வாசித்தால் ஒரு நூல் இறங்கி நிற்கும். ஒரு நாள், இரண்டு நாள் அல்ல, ஏழு மாதம் இப்படியே போயிற்று. மாயாமாளவகௌளை ராகத்தில் முதல் பாடமான சரளி வரிசையைத் தொடங்குவாள். ச சரியாக வரும், ரி சரியாக வரும், க வந்ததும் எனக்கு அடுப்படியில் கை நின்றுவிடும். சிறுவயதில் வர்ணம் வரை பாட்டு கற்றவள் நான். சுருதி விலகினால் காது பொறுக்காது. "பாடும்போது வருகிறதே, வாசிக்கும்போது எங்கே போகிறது? மனம் இங்கே இல்லை" என்று எத்தனை மாலைகள் கடிந்துகொண்டேன் என்பதை இப்போது நினைத்தாலும் நெஞ்சு கனக்கிறது. அவளுக்கு அப்போது ஏழு வயது.

தவறு அவள் காதில் இல்லை, மனத்திலும் இல்லை. நான் வாங்கிக் கொடுத்த வயலினில் இருந்தது.

விஜயதசமிக்கு நான்கு நாள் முன்னால், திருச்சியில் ஒரு கடையில் வாங்கினோம். மகளை அழைத்துப் போகவில்லை. அன்று அவளுக்குப் பள்ளி இருந்தது. "பிள்ளைக்கு என்ன வயது?" என்று கேட்ட கடைக்காரர், "வளரும் பிள்ளைதானே, முழு அளவே எடுங்கள். ஒரே செலவு, காலத்துக்கும் வரும்" என்றார். எனக்கும் அது நியாயமாகவே பட்டது. பள்ளிச் சீருடையை இரண்டு அங்குலம் பெரிதாகத் தைத்து, விளிம்பை உள்ளே மடித்து, ஆண்டுக்கு ஆண்டு பிரித்துவிடும் வீட்டில் வளர்ந்தவள் நான். செருப்பு வாங்கினாலும் குதிகாலுக்குப் பின்னால் ஒரு விரல் இடம் விட்டுத்தான் வாங்குவோம். பெட்டி, வில், வில்லில் தேய்க்கும் பிசினான ரோசின், தோள்தாங்கி எல்லாம் சேர்த்து 6,800 ரூபாய் ஆயிற்று.

முதல் நாள் வீட்டில் பெட்டியைத் திறந்து வில்லை இழுத்தால் சத்தமே வரவில்லை. காற்று போவது போல ஒரு உரசல் மட்டும். கருவி பழுது என்று நினைத்து மறுநாள் கடைக்கே தூக்கிக்கொண்டு போனேன். புது வில்லின் மயிரில் ரோசின் ஏறியிருக்காது. அது ஏறாமல் தந்தி பேசாது. புது ரோசின் கட்டியோ கண்ணாடி போல வழுவழுவென்று இருக்கும், தேய்த்தாலும் ஒட்டாது. உப்புத்தாளால் அதன் முகத்தை இரண்டு முறை உரசிவிட்டு, வில்லை அடியிலிருந்து நுனி வரை பொறுமையாக இருபது முப்பது முறை இழுக்க வேண்டும். இதைக் கடையிலேயே யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அந்தக் குழந்தையின் முதல் நாள் ஆசை ஒரு நாள் தள்ளிப் போயிருக்காது.

வகுப்பு செவ்வாயும் வெள்ளியும், போனில். ஆசிரியை சென்னையில் இருந்தார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். போன் திரையில் ஒரு குழந்தையும் ஒரு வயலினும் தெரியும். எது எவ்வளவு பெரிது என்பது தெரியாது. "கேள்வி ஞானம் இன்னும் வேண்டும், நிறையக் கேட்கச் சொல்லுங்கள்" என்றார். கேட்க வைத்தேன். காந்தாரம் ஏறவில்லை. மாசி மாதத்துக்குள் செவ்வாயும் வெள்ளியும் மாலை நான்கு மணிக்கு மகளுக்கு வயிறு வலிக்கத் தொடங்கிவிட்டது.

கோடை விடுமுறையில் கும்பகோணத்தில் என் அத்தை வீட்டுக்குப் போனோம். அத்தை முப்பது ஆண்டுக்கு மேல் வயலின் சொல்லிக் கொடுத்தவர். இப்போதும் நான்கைந்து பிள்ளைகள் வந்து போகிறார்கள். நான் தொலைபேசியில் ஏற்கெனவே புலம்பியிருந்தேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை. காபி குடித்து முடித்ததும் கூடத்தில் பாயை விரித்து, "வாடா கண்ணு, முதலில் பாடு" என்றார். மகள் பாடினாள். "இப்போது வாசி." வாசித்தாள். காந்தாரம் இறங்கிற்று. நான் அத்தையின் முகத்தைப் பார்த்தேன். அத்தை என் மகளின் இடது கையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்து, அவளுடைய நடுவிரலைத் தன் சுட்டுவிரலால் மெல்ல முன்னே தள்ளினார். காந்தாரம் துல்லியமாக ஒலித்தது. ஆனால் ரிஷபத்தில், அதாவது ரியில், இருக்க வேண்டிய அவளுடைய சுட்டுவிரல் கூடவே இழுபட்டு வந்துவிட்டது. சுட்டுவிரலைப் பழைய இடத்துக்குத் தள்ளினார். நடுவிரல் பின்னால் வந்தது. மூன்று முறை செய்து காட்டினார். இரண்டு விரலும் ஒரே நேரத்தில் அதனதன் இடத்தில் நிற்க அந்தச் சிறு கையில் அகலம் இல்லை.

"ஏம்மா, இந்தக் குழந்தைக்குக் காது இருக்கிறது. கைதான் எட்டவில்லை. எட்டாததைப் பெரிதாக வாங்கிக் கொடுத்துவிட்டுக் கவனம் இல்லை என்கிறாயே" என்றார். குரலை உயர்த்தவே இல்லை. மகள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். நான் என்ன சொல்ல முடியும்?

பிறகு தையல் பெட்டியிலிருந்து டேப்பை எடுத்து வந்து கணக்கைக் காட்டினார். தலைப்பக்கத்துச் சிறு மேட்டிலிருந்து, தந்திகளைத் தாங்கி நிற்கும் மரத்துண்டான குதிரை வரை தந்தி ஒலிக்கும் நீளம் முழு வயலினில் ஏறத்தாழ 33 செ.மீ. மாயாமாளவகௌளையின் ரிஷபம் மேட்டிலிருந்து 2 செ.மீ. தள்ளி விழும். அந்தர காந்தாரம், அதாவது இந்த ராகத்தின் க, தந்தியின் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 6.6 செ.மீ. தள்ளி. இரண்டுக்கும் நடுவே நாலரை செ.மீ. நம் முதல் பாடத்து ராகத்திலேயே இப்படி ஓர் அகன்ற தாண்டல் இருக்கிறது. சுட்டுவிரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் நாலரை செ.மீ. விரிவு ஏழு வயதுக் கைக்கு மிக அதிகம். கால் அளவு வயலினில் தந்தி 26 செ.மீ. இருக்கும், அதே தாண்டல் ஏறத்தாழ 3.6 செ.மீ.யாகச் சுருங்கிவிடுகிறது. ஒரு செ.மீ.க்கும் குறைவான வித்தியாசம்தான். அந்த ஒரு செ.மீ.க்காகத்தான் ஏழு மாதம் என் பிள்ளை திட்டு வாங்கினாள்.

அளவுகளின் பெயர்கள் நமக்குப் பழக்கமானவையே: முழு, முக்கால், அரை, கால், அரைக்கால். வீசம், அதாவது பதினாறில் ஒன்று என்றும் ஓர் அளவு உண்டு. மூன்று நான்கு வயதுக் குழந்தைகளுக்கானது. ஆனால் பெயரை நம்பி மனத்தில் படம் போட்டுக்கொள்ளக் கூடாது. அரை வயலின் முழு வயலினில் பாதி நீளம் அல்ல. கழுத்தை விட்டுவிட்டு உடல் மட்டும் அளந்தால் முழு அளவு 35.5 செ.மீ., முக்கால் ஏறத்தாழ 33.5, அரை 31, கால் 28. கால் என்ற பெயரைக் கேட்டதும் பொம்மை என்று நினைத்து ஒதுக்கிய பெற்றோர்களை அத்தை நிறையப் பார்த்திருக்கிறார். கடையில் வெளிப்பெட்டியில் எழுதியிருப்பதையும் நம்ப வேண்டியதில்லை. ஒலித்துளை வழியாக உள்ளே பார்த்தால் ஒட்டியிருக்கும் சீட்டில் பெரும்பாலும் அளவு அச்சாகியிருக்கும். அதோடு டேப்பையும் வைத்துப் பார்த்துவிடலாம்.

குழந்தைக்கு அளவெடுக்கும் பொது வழி இது: இடது கையைத் தோளுக்கு நேராகப் பக்கவாட்டில் நீட்டி, உள்ளங்கையை மேலே காட்டச் சொல்ல வேண்டும். கழுத்தின் அடியிலிருந்து உள்ளங்கையின் நடுப்பகுதி வரை அளக்க வேண்டும். பதினேழரை முதல் 20 அங்குலம் வரை கால் அளவு. 20 முதல் 22 வரை அரை. 22 முதல் இருபத்து மூன்றரை வரை முக்கால். அதற்கு மேல் முழு. தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் அரை அங்குலம் முன்பின் இருக்கும். வயதைச் சொல்லி வாங்குவதில்தான் தவறு நேர்கிறது. ஒரே வகுப்பில் படிக்கும் இரண்டு குழந்தைகளின் கைகள் எவ்வளவு வேறுபடுகின்றன என்று பள்ளி வாசலில் நின்று பார்த்தாலே தெரியும். என் மகளின் கை 19¼ அங்குலம் இருந்தது.

ஆனால் அத்தை அந்த எண்ணோடு நிற்கவில்லை. எனக்கு மிகவும் பயன்பட்ட பாடம் இதுதான். அந்த அளவுப் பட்டியல், நின்றுகொண்டு தாடையில் இடுக்கி வாசிப்பவர்களுக்காகப் போடப்பட்டது. முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் காலத்திலிருந்து வயலின் நம் இசையில் இருக்கிறது. நாம் அதைச் சம்மணமிட்டு உட்கார்ந்து வாசிக்கிறோம். அடிப்பக்கம் இடது தோளுக்குக் கீழே மார்பில் சாய்ந்திருக்கும். தலைச்சுருள் வலது பாதத்தில், கணுக்கால் அருகில் அமரும். அந்த இரண்டு ஊன்றுகோலும் உறுதியாக இருந்தால்தான் இடது கை கனம் தாங்காமல், ஸ்வரத்தை அசைக்கும் கமகத்துக்கு ஏறி இறங்க முடியும். ஆகவே நமக்குக் கையின் நீளம் மட்டும் போதாது. மார்புக்கும் பாதத்துக்கும் இடையிலுள்ள தொலைவும் பொருந்த வேண்டும். முழு வயலின் தலை முதல் அடி வரை ஏறத்தாழ 60 செ.மீ. என் மகள் அதற்கு இடம் கொடுக்க வலது காலை முன்னால் தள்ளுவாள். கால் தள்ளினால் முழங்கால் உயரும். முழங்கால் உயர்ந்தால் வில் இடிக்கும். இடிக்காமல் இருக்க முதுகைப் பின்னால் சாய்ப்பாள். "நேராக உட்கார்" என்று நான் சொல்லும்போதெல்லாம் முடியாத ஒன்றைத்தான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அத்தை வீட்டுப் பரணில் கால் அளவு ஒன்று இருந்தது. முன்னொரு காலத்தில் தஞ்சாவூர்ப் பிள்ளை ஒன்று வாசித்து முடித்து விட்டுப் போனது. மாலையில் வகுப்புக்கு வந்த சிறுமியிடம் அரை அளவு இருந்தது. இரண்டையும் மாற்றி மாற்றி மடியில் வைத்து உட்கார வைத்தார். அரை வயலினில் காந்தாரம் எட்டியது. ஆனால் ஒவ்வொரு முறையும் சுட்டுவிரல் நுனியில் தூக்கிக்கொண்டது. கால் வயலினில் இரண்டு விரலும் பதறாமல் நின்றன. எனக்கு உள்ளுக்குள் அரை அளவையே வாங்கிவிடலாம் என்ற ஆசை. ஓர் ஆண்டாவது கூடுதலாக வருமே! "இரண்டுக்கும் நடுவில் தடுமாறினால் சின்னதை எடு. சின்னதில் வாசித்தால் கை வளரும். பெரிதில் வாசித்தால் பயம்தான் வளரும்" என்றார் அத்தை.

அந்தக் கால் வயலினின் விரல் பலகையில் வரிசையாக மெரூன் நிறத்தில் நான்கு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டியிருந்தது. முன்பு வைத்திருந்த குழந்தையின் அம்மா ஸ்வர இடங்களுக்கு அடையாளம் வைத்திருக்கிறார். அத்தை அவற்றை நகத்தால் ஒவ்வொன்றாகச் சுரண்டி எடுத்துவிட்டார். "கண் பார்த்து வைத்தால் காது தூங்கிவிடும்" என்றார். பசைத் தடம் மட்டும் வட்டவட்டமாக மிஞ்சியது. இந்த விஷயத்தில் ஆசிரியர்களிடையே இருவேறு கருத்து உண்டு. முதல் சில மாதத்துக்கு மெல்லிய டேப் ஒட்டும் நல்ல ஆசிரியர்களும் இருக்கிறார்கள். என் மகளுக்குத் தேவைப்படவில்லை. மறுநாள் காலை, நான் குளித்துவிட்டு வரும்போது கூடத்திலிருந்து காந்தாரம் கேட்டது. பாடுகிறாள் என்று நினைத்தேன். வாசித்துக்கொண்டிருந்தாள்.

அந்த வயலினோடு வந்த வில்லின் மயிரைப் பூச்சி அரித்திருந்தது. மூடிய பெட்டியில் நெடுநாள் கிடந்தால் இப்படி ஆகும்; பெட்டியை மாதம் ஒருமுறையாவது வெயில் படாத இடத்தில் திறந்து காற்றாட விட வேண்டும். புது வில் வாங்க ஊருக்குத் திரும்பியதும் கடைகளில் ஏறி இறங்கினேன். "வில்தானே, பெரியதே வாங்கிக்கொள்ளுங்கள், எதிலும் பொருந்தும்" என்றார் ஒருவர். இந்த முறை ஏமாறவில்லை. முழு வில் 74 செ.மீ. நீளமும் அதற்குரிய கனமும் கொண்டது. குழந்தை அதன் நுனிவரை இழுத்தால் முழங்கை விறைத்து நீண்டு வில் வளைந்து ஓடும். தந்தியைக் குதிரைக்கும் விரல் பலகைக்கும் நடுவில் நேராகத் தொடாது. கால் அளவு வில் ஏறத்தாழ 56 செ.மீ. நான்காவது கடையில் கிடைத்தது. வில்லைக் கண்ணுக்கு நேரே பிடித்துக் குழாய் பார்ப்பது போல ஒரு முனையிலிருந்து பார்த்து, கட்டை பக்கவாட்டில் கோணியிருக்கிறதா என்று சரிபார்த்தே வாங்கினேன்.

வாங்கிய பிறகு நாங்கள் கடைப்பிடிப்பது இரண்டு. வாசிக்கும் முன் திருகைத் திருப்பி மயிரை இறுக்கினால், கட்டைக்கும் மயிருக்கும் நடுவே ஒரு பென்சில் நுழையும் இடைவெளி போதும்; கட்டையின் உள்வளைவு நிமிர்ந்துவிடும் அளவுக்கு முறுக்கக் கூடாது. வாசித்து முடித்ததும் தளர்த்திவிட வேண்டும். இரண்டாவது, எண்ணெய். இடது விரல்கள் தந்தியில் வழுக்கிச் செல்ல நம்மவர்கள் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்வது வழக்கம். அந்த விரலால் வில் மயிரைத் தொட்டால் தொட்ட இடத்தில் ரோசின் பிடிக்காது. வில் அங்கே வந்ததும் ஊமையாகும். என் மகள் ஒருமுறை ஆசையாக மயிரை நீவிவிட்டாள். கடையில் கொடுத்து மயிர் மாற்றும்படி ஆயிற்று. இப்போது எண்ணெய்க் கிண்ணம் இடப்பக்கம், வில் வலப்பக்கம் என்று பாயிலேயே இடம் பிரித்திருக்கிறோம்.

முதல் முறை கடைக்காரர் சேர்த்துக் கொடுத்த பொருள்களில் பாதி பயன்படவே இல்லை. தோள்தாங்கி நின்று வாசிப்பவர்களுக்கானது. நம் அமர்வில் அதற்கு இடமே கிடையாது. அது பெட்டியிலேயே இருந்தது. பாடப் புத்தகம் வைக்க உயரமான இரும்புத் தாங்கி ஒன்றையும் வாங்கியிருந்தேன். தரையில் உட்காரும் குழந்தை அதை அண்ணாந்து பார்க்க வேண்டியிருந்தது. அம்மா ராமாயணம் வைத்துப் படித்த மடக்குப் பலகை அதைவிட நன்றாக உதவுகிறது. சுருதிக்குப் போனில் இலவசச் செயலியே போதும். உண்மையில் உதவியவை மலிவானவை: பாதத்தில் தலைச்சுருள் வழுக்காமல் இருக்க ஒரு சிறிய பருத்தித் துண்டு, ரோசின் தூளைத் துடைக்க இன்னொரு துண்டு, கூடுதலாக ஒரு செட் தந்தி, தந்தியை முறுக்கும் மரத் திருகான பிரடைக்குச் சாக்பீஸ்.

பிரடையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மலிவான சிறு வயலின்களில் பெரும்பாலும் இதுதான் குழந்தையைத் தோற்கடிக்கிறது. பிரடை துளையில் சரியாகப் பொருந்தாவிட்டால் கோடையில் மரம் வற்றி வழுக்கும். சுருதி சேர்த்துக் கையை எடுத்ததும் இறங்கிவிடும். ஐப்பசி மழையில் ஊதி, திருப்பவே முடியாமல் இறுகும். வழுக்கினால் பிரடையை உருவி, துளைக்குள் உரசும் இடத்தில் சாக்பீஸ் தூளைத் தடவிச் செருகினால் நிற்கும். இறுகினால் உலர்ந்த சோப்பை லேசாகத் தேய்க்கலாம். எதுவானாலும் ஒரு நேரத்தில் ஒரு தந்தியை மட்டும் கழற்ற வேண்டும். நான்கையும் சேர்த்துக் கழற்றினால், தந்திகளின் அழுத்தத்தில் மட்டுமே நிற்கும் குதிரை விழும். அதோடு வயலினின் வயிற்றுக்குள் நிற்கும் சிறு மரக்குச்சியும் சாய்ந்துவிடலாம். அதை மறுபடி நிறுத்தப் பழகிய கை வேண்டும். சிறுவர் வயலின் வாங்கும்போது கீழ்ப்பக்கத்தில் நான்கு தந்திக்கும் நுண்திருகு இருக்கிறதா என்று பாருங்கள். ஏழு வயது விரலால் பிரடையைத் திருகிச் சுருதி சேர்க்க முடியாது. நுண்திருகைக் குழந்தை தானே திருப்பிக்கொள்ளும். தானே சுருதி சேர்த்த நாளில் என் மகள் முகத்தில் வந்த ஒளியைப் பார்த்தபோது, அந்தச் சின்ன உலோகத் திருகுகளுக்கு எவ்வளவு கொடுத்தாலும் தகும் என்று தோன்றியது.

எந்தக் கட்டையில், அதாவது எந்தச் சுருதி உயரத்தில், சேர்ப்பது என்பதும் அளவோடு சேர்ந்த கேள்வி. குட்டைத் தந்தியைத் தாழ்ந்த சுருதிக்கு இறக்கினால் கயிறு போலத் தொய்ந்து, அழுத்தினால் ஸ்வரமே ஏறிப்போகும். ஆசிரியரின் சுருதிக்கு ஒப்பாக இறக்கித்தான் முதலில் வைத்திருந்தோம். அத்தை 5 கட்டைக்கு உயர்த்தினார். ச-ப-ச-ப என்று 5 கட்டையில் சேர்க்கும்போது கீழிரண்டு தந்திகள், மேற்கத்திய முறைப்படி அவை நிற்க வேண்டிய அதே இடத்தில் நிற்கின்றன. மேலிரண்டு சற்றே இறங்குகின்றன. தந்தி விறைப்பாக இருக்கும். ஒலி தெளிவாக வரும். குழந்தையின் குரலும் அந்தச் சுருதியில் வசதியாகப் பாடும் என்பதால், பாடிப் பார்த்து வாசிக்கவும் முடிந்தது.

ஒன்பது வயதில் அரை அளவுக்கு மாறினோம். இந்த முறை மகளையும் ஒரு பாயையும் கூடவே அழைத்துப் போனேன். சென்னையில் மயிலாப்பூரில் ஒரு கடையில், தரையில் பாயை விரித்து அவளை உட்கார வைக்கலாமா என்று கேட்டதும், கடையில் இருந்த பெரியவர் தானே மேசையை நகர்த்தி இடம் கொடுத்தார். "இப்படிக் கேட்டு வாங்குபவர்கள் குறைவு அம்மா" என்றார். நான்கு வயலின்களை எடுத்து வைத்தார். முதுகு நேராக இருக்கிறதா, தலைச்சுருள் பாதத்தில் தானாக அமர்கிறதா, மேட்டருகில் விரல் வைக்கும்போது இடது முழங்கை இன்னும் மடிந்தே இருக்கிறதா, காந்தாரத்தை நடுவிரல் தொடும்போது சுட்டுவிரல் நகராமல் நிற்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பிறகு தந்தியின் உயரம். குதிரை செதுக்கப்படாமல் உயரமாகவே இருந்தால் தந்தி விரல் பலகையிலிருந்து வெகு மேலே நிற்கும். அழுத்தினால் விரல் நுனியில் பள்ளம் விழும். அவள் தேர்ந்தெடுத்த வயலினிலும் அப்படித்தான் இருந்தது. பெரியவர் அங்கேயே குதிரையை இறக்கி, மேல் விளிம்பை அரத்தால் தேய்த்து, மறுபடி நிறுத்திக் கொடுத்தார். கூலி வாங்கவில்லை. வயலினுக்கு 7,500 ரூபாய்.

மாற வேண்டிய காலம் வந்துவிட்டதை எப்படி அறிந்தேன் என்று பலர் கேட்கிறார்கள். விரல்கள் ஒன்றையொன்று இடித்துக்கொள்ளத் தொடங்கின. காந்தாரத்துக்கும் மத்தியமத்துக்கும் நடுவில் இரண்டு விரல்கள் நிற்க இடம் போதவில்லை. வில் சீக்கிரம் முடிந்துபோனது. வலது பாதத்தை உடலோடு ஒட்டி இழுத்துக்கொண்டாள். அப்போதும் அவள் மாற மறுத்தாள். தன் விரல் தன் வீடு போல அறிந்திருந்த இடங்கள் எல்லாம் புதிதில் விலகிப் போகுமே! உண்மைதான். மூன்று வாரம் எல்லா ஸ்வரமும் சற்றே தாழ்ந்து விழுந்தது. அந்த மூன்று வாரம் நான் வாயைத் திறக்கவில்லை. பாடிவிட்டு வாசி என்று மட்டும் சொன்னேன். போட்டியோ கச்சேரியோ பள்ளி விழாவோ இருந்தால் அதற்கு முந்தின மாதத்தில் அளவை மாற்றாதீர்கள்.

வெப்பத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், இதில் எனக்கு ஒரு வடு இருக்கிறது. சித்திரை மாதத்தில் அரை வயலினைக் காருக்குள் வைத்துவிட்டு ஒரு கல்யாணத்தில் இரண்டு மணி நேரம் இருந்துவிட்டோம். வந்து திறந்தபோது அடிவயிற்றின் ஓரம் ஒரு விரல் நீளம் பிளந்திருந்தது. வயலினின் பசை சூட்டில் இளகும். அப்படி இளகிப் பிரியும்படி ஒட்டினால்தான் பழுது பார்க்க முடியும் என்பதால் அது அவ்வாறே செய்யப்படுகிறது. ஒட்டிக்கொடுத்தார்கள்; ஒலி பழையபடி வந்தது. ஆனால் அன்று மகள் கல்யாணச் சாப்பாட்டு வாசனையோடு பின் இருக்கையில் உட்கார்ந்து அந்தப் பிளவைத் தடவிக்கொண்டே வந்ததை மறக்க முடியவில்லை. இரு சக்கர வண்டியில் போகிறவர்கள் மெல்லிய துணிப் பையை நம்ப வேண்டாம். உள்ளே பஞ்சு வைத்த கெட்டிப் பெட்டியும் அதற்கு மேல் மழை உறையும் வேண்டும். செலவைக் குறைக்க விரும்பினால் தோள்தாங்கியில் குறைக்கலாம், பெட்டியில் வேண்டாம்.

சிறு அளவுகளைப் புதிதாக வாங்குவதை நான் இப்போது யாருக்கும் சொல்வதில்லை. ஒரு குழந்தையிடம் அது ஒன்றரை, இரண்டு ஆண்டுதான் இருக்கும். ஊரில் வயலின் சொல்லிக் கொடுக்கும் நான்கு பேரிடம் கேட்டால், ஏதோ ஒரு வீட்டில் ஒன்று சும்மா இருப்பது தெரியவரும். கையில் எடுத்தால் கழுத்துக்கும் உடலுக்கும் இணைப்பில் பிளவு இருக்கிறதா, விரல் பலகை தூக்கியிருக்கிறதா, பிரடைகள் நிற்கின்றனவா என்று பார்த்துக்கொண்டால் போதும். தந்தியும் வில் மயிரும் மாற்றக்கூடியவை. எங்கள் அரை வயலினை 4,000 ரூபாய்க்கு அடுத்த தெருவில் ஒரு வீட்டுக்குக் கொடுத்தோம். இப்போது மகளுக்குப் பதினொரு வயது. முக்கால் அளவு வாசிக்கிறாள். முதலில் வாங்கிய முழு வயலின், தந்திகளைச் சற்றே தளர்த்தி, பரண் சூட்டில் வைக்காமல் அலமாரியின் கீழ்த்தட்டில் காத்திருக்கிறது.

கால் வயலினுக்கு அத்தை பணம் வாங்கவில்லை. "விற்காதே, அடுத்த பிள்ளைக்குக் கொடு" என்று மட்டும் சொல்லியிருந்தார். சென்ற மாதம் எங்கள் மாடியில் குடியிருப்பவர்களின் மகன், ஆறரை வயது, கற்கப் போகிறான் என்று அவன் அம்மா வந்து சொன்னார். முழு வயலினுக்கு முன்பணம் கொடுக்க மறுநாள் கடைக்குப் போவதாக இருந்தார்களாம். என் மகள் நான் எழுவதற்குள் தையல் டேப்பை எடுத்து வந்துவிட்டாள். "கையை நீட்டுடா." 18 அங்குலம். பாயை விரித்து அவனை உட்கார வைத்தாள்; வலது பாதத்தைத் தன் கையால் சரியான இடத்துக்கு இழுத்து வைத்து, துண்டை மடித்துப் போட்டு, தலைச்சுருளை அதன்மேல் அமர்த்தினாள்.

"விரலை வைக்காதே. முதலில் பாடு" என்றாள்.

அவன் வெட்கப்பட்டுக்கொண்டே பாடினான். பிறகு அவன் நடுவிரல் விரல் பலகையில் மெல்ல நகர்ந்து போயிற்று. பழைய பொட்டின் பசைத் தடம் அங்கே இன்னும் வட்டமாக மங்கித் தெரிந்தது. விரல் அதைக் கடந்து, ஒரு நூல் பின்வாங்கி, நின்றது.

"இன்னொரு தரம்" என்றாள் மகள்.